“அந்தக் கையால எப்படிம்மா சாப்பிடுறது?”

என்ன வேலை பார்க்கிறாய் என்று உறவினர் வீட்டு விசேஷங்களில் யாராவது கேட்டால், “தொழில்சார் சிகிச்சையாளர்” என்று சொல்வேன். அடுத்த கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “அப்படீன்னா, வேலை இல்லாதவங்களுக்கு வேலை தேடிக் குடுப்பீங்களா?” இன்னும் சிலர், “ஓ, பிசியோவா? எனக்கும் முட்டி வலி, கொஞ்சம் பாரும்மா” என்று காலை நீட்டிவிடுவார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக ‘ஓடி’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் அதற்கு ஒரே பொருள்தான்: கூடுதல் நேர வேலை. “பாவம், தினமும் ஓடியா?” என்று ஓர் அத்தை வருத்தப்பட்டார்.

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். ‘ஆக்குபேஷன்’ என்ற சொல் இங்கே சம்பளத்துக்குச் செய்யும் வேலையை மட்டும் குறிப்பதில்லை. ஒருவருடைய பொழுதை நிரப்பும் எல்லாமும் அதில் அடங்கும்: பல் துலக்குவது, குளிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, காப்பி கலக்குவது, பள்ளிக்குப் போவது, பேரனோடு விளையாடுவது, சாமிக்கு விளக்கேற்றுவது. நோய், விபத்து, பிறவிக் குறைபாடு, மனநலச் சிக்கல், முதுமை என எதனாலோ இவற்றில் ஒன்று கைநழுவிப் போகும்போது, அதை மீண்டும் செய்ய வழி தேடுவதுதான் எங்கள் வேலை. தமிழில் சிலர் இதைச் ‘செயல்முறை சிகிச்சை’ என்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். ஆனால் ‘தொழில்சார் சிகிச்சை’ என்ற பெயரும் புழக்கத்தில் இருப்பதால் இங்கே அதையே எழுதுகிறேன்.

பிசியோவுக்கும் எங்களுக்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். பக்கவாதம் வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய காலின் வலு, உடலின் சமநிலை, நடை ஆகியவற்றில் பிசியோ முதன்மையாகக் கவனம் செலுத்துவார். அதே நபர் ஈரத் தரையில் நின்று குளிக்க முடியுமா, ஒரு கையால் உடை மாற்ற முடியுமா, அடுப்பை மூட மறந்துவிடுவாரா, வேலைக்குத் திரும்பலாமா என்பவற்றை நாங்கள் பார்ப்போம். எல்லைக்கோடு அவ்வளவு துல்லியமானதல்ல. ஒரே நோயாளியை இருவரும் சேர்ந்து தூக்கி நிறுத்தும் நாள்களும் உண்டு.

விளக்கம் போதும். நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவரை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுபது வயதைத் தாண்டிய பாட்டி அவர். மூளையின் இடப்பக்கம் பக்கவாதம் தாக்கியதால் வலக்கையும் வலக்காலும் பலவீனமாகிவிட்டன. மூளையின் இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பேச்சும் கொஞ்சம் குழறியது. பெரிய மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வுப் பயிற்சிக்காகச் சமூக மருத்துவமனைக்கு வந்திருந்தார். வந்த முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல்: அவர் சாப்பிடவில்லை. தட்டில் பாதிக்குமேல் அப்படியே திரும்பிப் போகும். எடை குறைந்தது. உணவு நிபுணர் கவலைப்பட்டார். மனச்சோர்வாக இருக்குமோ என்று மருத்துவர் யோசித்தார். விழுங்குவதில் சிரமமா என்று பேச்சு சிகிச்சையாளர் சோதித்துப் பார்த்தார். சிரமமில்லை.

அவருடைய இடக்கை நன்றாக இயங்கியது. கரண்டியை இடக்கையில் கொடுத்தால் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக அவரால் முடியும். அதைத் தாதியரும் பார்த்திருந்தார்கள், நானும் பார்த்தேன். அன்றாடச் செயல்களை அளக்க நாங்கள் பயன்படுத்தும் ‘பார்த்தெல்’ அளவுகோல் மொத்தம் 100 மதிப்பெண் கொண்டது. அதில் சாப்பிடுவதற்கு 10. பாட்டிக்கு 8 கிடைத்தது. பொட்டலத்தைப் பிரித்துக்கொடுக்க மட்டும் உதவி தேவை, மற்றபடி தானே சாப்பிட முடியும் என்று அதற்குப் பொருள். தாள் அப்படிச் சொன்னது. தட்டு வேறு மாதிரி சொன்னது.

ஒருநாள் மதிய உணவு நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “பாட்டி, சாப்பாடு பிடிக்கலையா?” என்று கேட்டேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, திக்கித் திக்கிச் சொன்னார்: “அந்தக் கையால எப்படிம்மா சாப்பிடுறது?”

தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. அது கால் கழுவும் கை. எழுபது ஆண்டுகளாக அந்தக் கை தட்டுக்குப் பக்கத்தில் வந்ததில்லை. கரண்டி இருந்தாலும் கை அதே கைதான். அவரால் முடியுமா என்பதைத்தான் எல்லாரும் சோதித்தோம். அவருக்கு அருவருப்பாக இருந்ததைச் சொல்ல வார்த்தையும் வரவில்லை, சொல்லக் கூச்சமும் இருந்தது.

கரண்டியிலேயே சாப்பிடட்டும், போகப் போகப் பழகிவிடும் என்று விட்டிருக்கலாம். வார்டில் இதைச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான்: மீண்டு வரும் வாய்ப்பு குறைவான ஒரு கைக்காக எத்தனை மணி நேரம் செலவிடுவது? ஆனால் பாட்டியின் வலக்கை முழுவதுமாகச் செயலிழந்துவிடவில்லை. விரல்களைக் கொஞ்சம் திறக்க முடிந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டைத் தொட்டது. அந்த அளவு அசைவு இருந்தால் முயன்று பார்க்கலாம் என்பது என் கணிப்பு.

அன்று இரவு வீட்டில் நான் சோறு சாப்பிடுவதைக் கைப்பேசியில் காணொளி எடுத்தேன். என் தம்பி இன்னும் அதைச் சொல்லிக் கேலி செய்கிறான். ஒரு செயலைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்துப் பார்ப்பதற்குச் செயல் பகுப்பாய்வு என்று பெயர். எங்கள் படிப்பின் முதுகெலும்பு அதுதான். கையால் சாப்பிடுவதை ஒருமுறை அப்படிப் பிரித்துப் பாருங்கள். உள்ளங்கை கீழே பார்த்தபடி விரல்கள் சோற்றைப் பிசைகின்றன. ஐந்து விரல் நுனிகளும் குவிந்து ஒரு கவளத்தைத் திரட்டுகின்றன. முழங்கை மடங்குகிறது. முன்னங்கை திரும்பி உள்ளங்கை முகத்தை நோக்குகிறது. கடைசியில் கட்டைவிரல் பின்னாலிருந்து கவளத்தை வாய்க்குள் தள்ளுகிறது. இத்தனையும் ஓரிரு விநாடியில் முடிந்துவிடும். இதைவிடச் சிக்கலான ஒரு செயலை நாம் தினமும் செய்கிறோமா என்பதே சந்தேகம். கரண்டி பிடிப்பது இதன் பக்கத்தில் சிறுபிள்ளை விளையாட்டு.

சோறு உடனே சரிப்படாது என்று புரிந்தது. பருக்கைகளைத் திரட்டும் பிடி அவருக்கு இல்லை. சப்பாத்தியும் ஆகாது, பிய்க்க வலு வேண்டும். இட்லி? மூன்று விரல் அழுத்தினாலே உடையும், உருட்ட வேண்டியதில்லை, கைநழுவினாலும் எடுக்கலாம். இட்லி கொடுக்கலாமா என்று பேச்சு சிகிச்சையாளரிடம் முதலில் கேட்டுக்கொண்டேன். பக்கவாதம் வந்தவருக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. எந்தப் பதத்தில் என்ன கொடுக்கலாம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்ததும், காலையில் இட்லி கொண்டுவரும்படி மகளிடம் சொன்னேன்.

முதலில் பயிற்சி மாவைப் பிசைந்தோம். பிறகு நிஜமான சப்பாத்தி மாவு. அதை அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, “தண்ணி கூடிப்போச்சு” என்றார். வந்த நாளிலிருந்து அவர் சொன்ன முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். முழங்கையை மேசைமேல் தாங்கி வைத்தோம். விளிம்பு உயர்ந்த தட்டு, அதன் அடியில் வழுக்காத விரிப்பு. சாப்பிடுமுன் கை கழுவ ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கட்டாயம் வேண்டும் என்றார். அதுவும் சிகிச்சைதான்: ஒரு கையை மறுகையால் தேய்ப்பது.

ஐந்து வாரத்துக்குப் பிறகு வீடு திரும்பினார். நடந்ததை மிகைப்படுத்த விரும்பவில்லை. காலை இட்லியை வலக்கையால் சாப்பிட்டார். நேரம் ஆனது, மேசையெல்லாம் சட்னி. சோற்றுக்குத் தடித்த பிடி வைத்த கரண்டி, அதுவும் வலக்கையில். கவளம் திரட்டும் பிடி கடைசிவரை வரவில்லை. தட்டைத் திருப்பித்தர ஆள் தேவைப்பட்டதால் அளவுகோலில் அவருடைய மதிப்பெண் 8இலிருந்து 5க்கு இறங்கியது. ஆனால் தட்டு காலியாகத் திரும்பியது, எடையும் ஏறியது. ஏன் மதிப்பெண் குறைந்தது என்று மேலதிகாரி கேட்டார். இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கும் ஒரு படிப்பு

நோயாளி வீடு திரும்பும் முன் சிலருடைய வீட்டுக்கு நாங்களே போய்ப் பார்ப்போம். கையில் அளவு நாடா இருக்கும். பழைய வீவக வீடுகளில் குளியலறை வாசலில் ஒரு படி மேடாக இருக்கும். நமக்கு அது கண்ணிலேயே படாது. கால் இழுக்கும் ஒருவருக்கு அதுதான் வீட்டின் மிக ஆபத்தான இடம். மேட்டின் உயரம் என்ன, சக்கர நாற்காலி கதவுக்குள் நுழையுமா, கழிவறை இருக்கை எவ்வளவு தாழ்வு, எந்தக் கை எங்கே பிடிக்கும் என்று ஒவ்வொன்றாக அளப்போம். வீவக ‘ஈஸ்’ என்ற திட்டத்தில் கைப்பிடிக் கம்பிகள், சாய்தளம், வழுக்காத தரைப்பூச்சு போன்றவற்றைப் பெரும் கழிவில் செய்து தருகிறது. 65 வயதானவர்களுக்கும், அன்றாடச் செயல்களுக்கு உதவி தேவைப்படும் 60 முதல் 64 வயதுடையவர்களுக்கும் அது கிடைக்கும். உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் இல்லையென்றால் இன்றே கேட்டுப் பாருங்கள்.

கம்பி இருந்தால் மட்டும் போதாது, அது சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஓடு அழகாகத் தெரிய வேண்டும் என்று ஓரமாகப் பொருத்தச் சொன்ன குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். துண்டு காயப்போட அருமையாக இருந்தது.

வீட்டில் பார்ப்பது கழிவறையை மட்டுமல்ல. சாமி மாடம் எந்த உயரத்தில் இருக்கிறது, விளக்கேற்ற எக்கி நிற்க வேண்டுமா, தரையில் உட்கார்ந்து காய் நறுக்கும் பழக்கமா, வாசலில் கோலம் போடுவாரா என்றும் கேட்போம். குனிந்து எழுந்து கோலம் போடுவதில் இடுப்பு, முழங்கால், சமநிலை, விரல் பிடி, புள்ளிக் கணக்கை நினைவில் வைக்கும் திறன் அத்தனையும் இருக்கின்றன. இதை எந்தப் பாடநூலிலும் நான் படிக்கவில்லை. நம் வீடுகளில் பார்த்ததுதான்.

வலியைக் குறிக்கும் சொற்களும் அப்படித்தான். குத்துகிறதா, குடைகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா, மரத்துப் போகிறதா என்று தமிழில் கேட்டால் ஒவ்வொன்றும் வேறு வேறு தகவல். எரிச்சலும் மரத்துப்போவதும் நரம்பை யோசிக்க வைக்கும். இழுப்பது தசையை யோசிக்க வைக்கும். மொழிபெயர்ப்பில் எல்லாமே ஒரே ‘வலி’ ஆகிவிடும். மலாய், சீன நோயாளிகளிடம் நான் இந்த நுணுக்கத்தை இழக்கிறேன் என்பதும் உண்மை. மலாயில் ‘சாக்கிட்’, ஹொக்கியனில் ‘தியா’, அதற்கு மேல் சக ஊழியர்களைத்தான் நம்புகிறேன். அவர்கள் தமிழ் நோயாளி வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு மொழிக்காரரும் ஒரு குழுவில் இருக்க வேண்டியதன் அவசியம் அங்கே தெரியும்.

எப்படிப் படிப்பது?

இங்கே இந்தப் படிப்பு முன்பு நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயமாக இருந்தது. 2016இலிருந்து சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எஸ்ஐடியில், நான்காண்டு ஹானர்ஸ் பட்டமாக நடக்கிறது. தொடக்கக்கல்லூரி முடித்தவர்களும் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வும் உண்டு. சுகாதாரத் துறை உபகாரச் சம்பளங்களும் இருக்கின்றன. வாங்கினால் படித்து முடித்தபின் சில ஆண்டுகள் கட்டாயமாகப் பணியாற்ற வேண்டும். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள்.

உடற்கூறியல், உடலியங்கியல், நரம்பியல், உளவியல் எல்லாம் உண்டு. தோளிலிருந்து விரல் நுனிவரை ஓடும் நரம்புகளின் பின்னலை மனப்பாடம் செய்த இரவுகள் எனக்கு இன்னும் கனவில் வரும். அதே படிப்பில்தான், சூடான நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, நோயாளியின் மணிக்கட்டில் வைத்து வளைத்து, ஒரு தாங்கி செய்யக் கற்றோம். நான் முதலில் செய்தது படகு மாதிரி இருந்தது.

உண்மையான படிப்பு மருத்துவமனைப் பயிற்சியில் தொடங்கும். தொழில்சார் சிகிச்சையாளர்களின் உலகச் சம்மேளனம் 1952இல் தொடங்கப்பட்ட அமைப்பு. பட்டம் பெறுமுன் மாணவர் குறைந்தது 1,000 மணி நேரம் நேரடிப் பயிற்சி பெற வேண்டும் என்பது அதன் விதி. அந்த மணி நேரங்களில் நடப்பதை விளம்பரக் கையேடுகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. குளிக்கும் திறனைச் சோதிக்க வேண்டுமென்றால், முன்பின் தெரியாத ஒருவரோடு குளியலறைக்குள் நிற்க வேண்டும். உங்கள் தாத்தா வயதுள்ளவர் உடையில்லாமல் வெட்கப்பட்டு நிற்பார். எங்கே பார்ப்பது, என்ன பேசுவது, எப்போது துண்டை நீட்டுவது என்பதெல்லாம் அங்கேதான் கற்க முடியும். வாந்தி, மலம், அழுகை, சில நேரம் அடியும் உண்டு. இந்த இடத்தில்தான் சிலர் விலகுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சேருமுன் தெரிந்திருப்பது நல்லது.

படித்து முடித்தால் உடனே தனியாக நோயாளியைப் பார்த்துவிட முடியாது. 2011ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின்படி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் மூத்தவரின் மேற்பார்வை உண்டு.

வேலை மருத்துவமனையில் மட்டும் இல்லை. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் பள்ளிகளில் என் தோழி ஒருத்தி பணியாற்றுகிறாள். சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பழக ஓராண்டு ஆனதாகச் சொன்னாள். மனநலப் பிரிவிலும் நாங்கள் இருக்கிறோம். சொல்லப்போனால் இந்தத் துறையின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் மனநல மருத்துவமனைகளில் வேலை செய்தவர்களும், ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞரும் சேர்ந்து 1917இல் இதற்கான முதல் சங்கத்தைத் தொடங்கினார்கள். பார்ட்டன் காசநோயாலும் இடப்பக்க வாதத்தாலும் அவதிப்பட்டவர். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தன்னைத் தேற்றிக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. காயமடைந்து திரும்பிய வீரர்களால் துறை வேகமாக வளர்ந்தது. ஆசியாவுக்கு இந்தப் படிப்பைக் கொண்டுவந்த முன்னோடிகளில் கமலா நிம்ப்கர் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்தவர். 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்று அரசாங்கம் சொல்லி வருகிறது. வேலைக்குப் பஞ்சம் வராது. ஆனால் பாதுகாப்பான வேலை என்பதற்காக மட்டும் வருவதாக இருந்தால், பணிச்சுமையையும் யோசித்துப் பாருங்கள். படுக்கை காலியாக வேண்டும் என்ற அழுத்தம் எப்போதும் இருக்கும். இன்னும் இரண்டு வாரம் கிடைத்திருந்தால் என்று நினைக்கும் நோயாளிகளோடுதான் மாதம் முடியும். பாட்டிக்குக் கிடைத்த நேரம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

வர விரும்புகிறவர்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு சனிக்கிழமை, நீங்கள் எழுதும் கையை ஒரு துணியால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து மதியம்வரை இருந்து பாருங்கள். பற்பசை மூடியைத் திறப்பது, சட்டை போடுவது, முட்டையை உடைப்பது. எங்கே நின்றுபோனீர்கள், என்ன உபாயம் கண்டுபிடித்தீர்கள், எந்த இடத்தில் எரிச்சல் வந்தது என்று எழுதி வையுங்கள். எங்கள் முதலாண்டு வகுப்பிலும் இப்படி ஒன்றைச் செய்தோம். நேர்முகத் தேர்வில் ஏன் இந்தத் துறை என்று கேட்பார்கள். ‘மக்களுக்கு உதவ ஆசை’ என்று எல்லாரும் சொல்லும் பதிலைவிட, பற்பசை மூடியைப் பல்லால் திறந்த கதையைக் கேட்க அவர்களுக்கு ஆர்வம் அதிகமாக இருக்கும். விண்ணப்பங்கள் பொதுவாக ஆண்டின் தொடக்கத்தில் திறக்கும். பொது வரவேற்பு நாளில் போனால் மாணவர்களிடமே நேரில் கேட்கலாம். தாங்கி செய்து காட்டச் சொல்லுங்கள், உங்கள் கையிலேயே போட்டுப் பார்க்கலாம்.